பெலிக்கானோ சந்தின் நாற்பத்தொரு வீடுகள்

சான் எலாடியோ,
மார்ச் 4

அன்புள்ள தம்பி எலியாசருக்கு,

நானும் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் படியேறும்போது வருகிறது. “மத்தியானம் சாப்பிடுறானா, இல்ல அந்தக் கம்ப்யூட்டர் முன்னாலயே பட்டினி கிடக்கிறானான்னு கேளு” என்கிறாள். கேட்டுவிட்டேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போன வருஷம் முழுக்க நான் ஃபோனில் அனுப்பிய ஒவ்வொரு செய்திக்கும் நீ ஒரு மஞ்சள் கட்டைவிரலைத்தான் திருப்பி அனுப்பினாய். அம்மாவின் பிறந்த நாளுக்கும் கட்டைவிரல், அப்பாவின் நினைவு நாளுக்கும் கட்டைவிரல். காகிதத்தில் அதை அனுப்ப முடியாது. வாக்கியம் எழுதியாக வேண்டும்.

எங்கள் ‘படிக்கட்டு’க் கலைக் குழுவில் இப்போது ஏழு பேர். பழைய ஆணிக்கடையைச் சுத்தம் செய்து வெள்ளையடித்துவிட்டோம். இந்த மாதம் துலியோவின் கண்காட்சி. கடற்காக்கைகளின் சத்தத்தைக் கம்ப்யூட்டர் நிறமாக மாற்றுகிறது. மீன் படகு வரும் நேரத்தில் சுவர் முழுக்க ஆரஞ்சு. மே மாதம் இரண்டு மாணவிகள் செய்த கம்ப்யூட்டர் விளையாட்டு. கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு முந்நூறு படி ஏற வேண்டும், நாய்கள் துரத்தும். இதுவரை யாரும் உச்சியைத் தொடவில்லை. அம்மா இருநூற்றுப் பத்தாவது படி வரை போய், சிலிண்டரைப் போட்டுவிட்டு நாயைத் திட்டினாள். ஆகஸ்டில் மீன் சந்தையைப் பற்றிய படம் திரையிடுகிறோம்.

நவம்பர் விழாவுக்குத்தான் பெரிய வேலை. தீ வந்து நம் பெலிக்கானோ சந்து முழுக்க எரிந்து மூன்று வருஷம் ஆகிறது. ‘ஆபத்துப் பகுதி’ என்று சொல்லி, நம் சந்தில் யாரையும் திரும்ப ஒரு தகரம்கூட நட விடவில்லை. சரி, நிலத்தில் கட்ட விடாவிட்டால் வெளிச்சத்தில் கட்டுவோம். ஒவ்வொரு குடும்பமாக உட்காரவைத்து, வீடு எப்படி இருந்தது என்று கேட்டு, முப்பரிமாணத்தில் செய்து, அதே உயரத்தில், அதே வரிசையில், நாற்பத்தொரு வீடுகளையும் சுவரில் காட்டப் போகிறோம்.

இருபத்து மூன்றாம் எண்ணை நீ செய். நம் வீட்டை உன்னைவிட நன்றாக யாரும் செய்ய மாட்டார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
யாஸ்னா


சாந்தியாகோ,
மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவிடம் மத்தியானம் சாப்பிடுகிறேன் என்று சொல். அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். அலுவலகத்தில் வேலை நெருக்கடி. கட்டப் போகிற கட்டடங்களை, கட்டி முடித்ததுபோலப் படமாகக் காட்டுகிற வேலை, உனக்குத் தெரிந்ததுதான். இப்போது ஏதோ ஒரு கடற்கரைத் திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது.

உன் யோசனை நன்றாக இருக்கிறது. வீட்டின் அளவை நினைவிலிருந்து கேட்கும்போது அடிக்கணக்கு கேட்காதே. “கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நாற்காலி போகுமா” என்று கேள். அப்போது சரியாகச் சொல்வார்கள். கூரைத் தகரத்துக்குத் துரு மூன்று அடுக்காகப் போடு. ஒற்றை நிறத்தில் போட்டால் பொம்மை மாதிரி இருக்கும்.

நம் வீட்டைச் செய்ய எனக்கு இப்போது நேரம் கிடைக்குமா என்று தெரியவில்லை. வேறு யாரிடமாவது கொடு. இன்னொன்று, நம் சந்து இருந்த மலை மேல் திரை கட்ட வேண்டாம். அங்கே காற்று அதிகம். கீழே, ஏதாவது கூடத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

எலியாசர்


சான் எலாடியோ,
ஏப்ரல் 20

தம்பி,

நாங்கள் நலம். மழை தொடங்கிவிட்டது. அம்மா நேற்றுப் பூசணி வடை சுட்டாள், உன் பங்கையும் நானே தின்றேன்.

நாற்காலிக் கேள்வி அற்புதமாக வேலை செய்கிறது. சுனில்டா அத்தையிடம் கேட்டேன். “நாற்காலியா? நாற்காலி போகும். ஆனா பக்கத்து வீட்டு ரெபேக்கா அவ சுவத்த என் பக்கம் ஒரு சாண் தள்ளிக் கட்டாம இருந்திருந்தா, சோபாவே போயிருக்கும்” என்றாள். ரெபேக்கா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். “ஒரு சாணா? உன் வீட்டுக்காரர் கயிறு பிடிச்சு அளந்துதானே விட்டாரு!” என்று எழுந்தாள். எரிந்துபோன சுவருக்காக இரண்டு பேரும் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். துலியோ பயந்துபோய்க் கம்ப்யூட்டரை மூடிவிட்டான். கடைசியில் அந்த ஒரு சாணை இருவருக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துச் சுவரை வரைந்தோம். போகும்போது சுனில்டா அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவரு படுத்திருந்த ஜன்னலோரம் மறக்காம வை. உங்கப்பா அங்கதான் வந்து அவரத் தூக்கினாரு” என்றாள். தீ வந்த அன்று அவள் புருஷனையும் அப்பாவையும் கடைசியாகப் பார்த்தது தண்ணீர்த் தொட்டித் திருப்பத்தில் என்று இன்னும் அதே வார்த்தைகளில்தான் சொல்கிறாள்.

நகராட்சிக் கலாசார அலுவலகம் பழைய சுங்கக் கூடத்தை விழாவுக்குத் தருகிறது. கையெழுத்தாகிவிட்டது. உன் ஆசைப்படி கூடத்துக்குள்தான், சந்தோஷப்படு.

ஒரு செய்தி. நம் சந்து இருந்த இடத்தைச் சுற்றி வேலி வந்திருக்கிறது. இரும்புக் கம்பம் நட்டு, அறுபது மீட்டருக்கு வெள்ளைத் துணி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். காவலாளியைக் கேட்டால், பதினான்கு மாடி வருகிறதாம். எங்களுக்கு ஆபத்துப் பகுதி, அவர்களுக்குக் கடல் பார்த்த குடியிருப்பு. தீ என்ன, ஏழையா பணக்காரனா என்று கேட்டுவிட்டா மலையேறுகிறது?

இருபத்து மூன்றாம் எண்ணை யாருக்கும் கொடுக்கவில்லை. உனக்காக வைத்திருக்கிறேன். சமையலறை பச்சையா நீலமா என்று எனக்கும் அம்மாவுக்கும் தகராறு. நீ சொல்.

அன்புடன்,
யாஸ்னா


சான் எலாடியோ,
ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

ஆறு வாரமாக உன் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? அம்மா உன் குரலைக் கேட்க ஃபோன் செய்தால், “மீட்டிங்ல இருக்கேம்மா” என்று வைத்துவிடுகிறாயாம்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். வேலியின் ஒரு முனையில் வீடு உயரத்துக்கு ஒரு பலகை வைத்துவிட்டார்கள். பளபளவென்று கட்டடம், பால்கனியில் ஒயின் கோப்பையோடு ஒரு ஜோடி, பின்னால் நம் கடல். அந்தப் பெண்ணின் பல்லைப் பார்த்து அம்மா, “இவ இந்த ஊர்த் தண்ணி குடிச்சவ இல்ல” என்றாள்.

மறுநாளே கலாசார அலுவலக இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினாள். காபி கொடுத்தாள். காபி கொடுத்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது.

“யாஸ்னா, உங்க விழாவுக்கு ஒரு புரவலர் கிடைச்சிருக்காங்க. அந்தக் கட்டுமானக் கம்பெனியேதான். நல்ல திரை, நல்ல ஸ்பீக்கர், எல்லாம் வரும்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்ல. அந்த வீடுகள் படம் மட்டும்... எடுத்துடச் சொல்லல. ‘நினைவுகள்’னு பேர் மாத்திக்கலாம். சந்துப் பேர், வீட்டு நம்பர் எதுவும் வேணாம். பொதுவா இருக்கட்டும்.”

“பொதுவான வீட்டுல யாரும் குடியிருக்கல மேடம். நம்பர் போட்ட வீட்டுலதான் இருந்தோம்.”

“கொஞ்சம் யோசிச்சுச் சொல்லேன்.”

“யோசிச்சுட்டேன். மாட்டேன்.”

கூடம் போய்விட்டது. ஆணிக்கடைக்குத் திரும்பி வந்து மற்றவர்களிடம் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். துலியோ மட்டும், “காபியாவது குடிச்சியா?” என்று கேட்டான். குடித்தேன். அதை ஏன் விட வேண்டும்?

விழா நடக்கும். எங்கே என்று தெரியாது. நடக்கும்.

பதில் போடு.

யாஸ்னா


சாந்தியாகோ,
ஜூன் 18

அன்புள்ள அக்கா,

நலம். வேலை மட்டும் அதிகம். அம்மாவிடம் கோபப்பட வேண்டாம் என்று சொல், நிஜமாகவே மீட்டிங்தான்.

நீ அவசரப்பட்டுவிட்டாய் என்று நினைக்கிறேன். பேரை மாற்றினால் என்ன? பார்க்கிறவர்களுக்கு எந்தச் சந்து என்று தெரியாதா? கூடம் இருந்தால் நானூறு பேர் பார்ப்பார்கள். ஆணிக்கடையில் நாற்பது பேர். உனக்கு முக்கியம் வீடுகளா, உன் ‘மாட்டேன்’ என்ற சொல்லா?

எதிர்த்து நிற்பதாக இருந்தாலும் நாளையாவது பார்த்துக்கொள். மாதிரி வீடும் விற்பனை அலுவலகமும் திறக்கிற நவம்பர் பதினைந்தை ஒட்டி எதுவும் வைக்காதே. அன்றைக்கு வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வருவார்கள், போலீஸ் இருக்கும். டிசம்பருக்குத் தள்ளிப்போடு. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

குளிரில் வெளியே அலையாதே. அம்மாவுக்குக் கம்பளிச் சால்வை ஒன்று அனுப்புகிறேன்.

எலியாசர்


சான் எலாடியோ,
ஜூன் 30

எலியாசர்,

அம்மா சுகம். சால்வை வந்தது.

நவம்பர் பதினைந்து என்ற தேதியை நான் உனக்கு எழுதவில்லை. பலகையில் அது இல்லை. காவலாளிக்குத் தெரியாது. இயக்குநரிடம் போய்க் கேட்டேன், அவளுக்கே தெரியாது.

அதன்பிறகு மலையேறிப் போய்ப் பலகையின் முன்னால் நின்றேன். இந்தமுறை பல்லைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தேன். பால்கனிக்குப் பின்னால் இரண்டு பாறைகள். சிறிய பாறை பெரிய பாறைக்குப் பின்னால் பாதி ஒளிந்திருக்கிறது. சந்தில் வேறு எந்த வீட்டிலிருந்து பார்த்தாலும் அவை இரண்டும் தனித்தனியாகத்தான் தெரியும். நம் சமையலறை ஜன்னலிலிருந்து மட்டும்தான் இப்படிப் பாதி ஒளிந்து தெரியும். அந்த ஜன்னல் எரிந்து மூன்று வருஷம் ஆகிறது. அதில் நின்று பார்த்தவர்கள் நாலு பேர். ஒருவர் இல்லை. நான் வரையவில்லை. அம்மாவுக்கு வரையத் தெரியாது.

ஆமாவா, இல்லையா? ஒரு சொல் போதும்.

யாஸ்னா


சாந்தியாகோ,
ஜூலை 9

அக்கா,

ஆமாம்.

ஒரு சொல் போதும் என்றாய். ஆனால் நீதான் வாக்கியம் எழுதச் சொன்னவள், அதனால் எழுதுகிறேன்.

போன நவம்பரில் திட்டம் வந்தபோது எண் மட்டும்தான் போட்டிருந்தது, ஊர்ப் பெயர் இல்லை. நில அளவைக் கோப்பைத் திறந்தேன். மலையின் வளைகோடுகள் திரையில் வந்ததும் என் தலைக்குத் தெரிவதற்கு முன்பே என் கால்களுக்குத் தெரிந்துவிட்டது. எந்த இடத்தில் மூச்சு வாங்கும், எந்த இடத்தில் படி உடைந்திருக்கும் என்று. வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேறு யாராவது வரைந்தால் கடலைத் தப்பாக வரைவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதுவும் முழு உண்மை இல்லை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இதுவரை செய்ததிலேயே நல்ல படம் இதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த ஜன்னலில் மறுபடி நிற்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை, அக்கா.

பலகையில் இருப்பது ஒரு படம்தான். மொத்தம் பதினொன்று. தண்ணீர்த் தொட்டித் திருப்பத்தில் ஒரு நீச்சல் குளம் வரைந்திருக்கிறேன். அந்த நீலம் சரியாக வர மூன்று நாள் ஆயிற்று.

இதற்கு மேல் எழுத வரவில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டுமா என்பதை நீயே முடிவு செய்.

எலியாசர்


சான் எலாடியோ,
செப்டம்பர் 14

மகனே எலியாசர்,

அம்மா எழுதுகிறேன். நல்லா இருக்கிறேன். உன் அக்காவும் நல்லா இருக்கிறாள், ஆனால் உனக்கு எழுத மாட்டாள். உன் கடைசிக் கடிதத்தை அவள் ஒளித்து வைத்தாள். அவள் ஒளித்து வைக்கிற இடம் எட்டு வயதிலிருந்து ஒன்றுதான், மெத்தைக்கு அடியில். படித்துவிட்டேன்.

அதைப் பற்றி நான் இதில் ஒன்றும் எழுதப் போவதில்லை.

விழா எங்கே தெரியுமா? அந்த வேலித் துணியிலேயே! சொன்னது சுனில்டா. “அறுபது மீட்டர் வெள்ளைத் துணி சும்மாத்தானே தொங்குது. நாம கேட்டிருந்தா இவ்வளவு பெரிய திரை யாராவது குடுத்திருப்பாங்களா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. நவம்பர் பதினைந்து, சனிக்கிழமை, பொழுது சாயும் நேரம். தேதியை எடுத்துக் கொடுத்தவன் நீ. தள்ளிப்போடச் சொன்னாயாம், இவள் அதே நாளைப் பிடித்துக்கொண்டாள். வளர்த்தவளுக்கு இது தெரியாதா? கீழே ரொட்டிக்கடையிலிருந்து மின்சாரம். ஒவ்வொரு வீடும் வரும்போது அந்த வீட்டுக்காரர் முன்னால் நின்று வீட்டு எண்ணைச் சொல்ல வேண்டும். நான் தினமும் கண்ணாடி முன்னால் ‘இருபத்து மூன்று’ என்று சொல்லிப் பார்க்கிறேன்.

நாற்பது வீடு தயார். இருபத்து இரண்டுக்கும் இருபத்து நாலுக்கும் நடுவில் இருட்டாக விட்டு வைத்திருக்கிறாள். துலியோ செய்கிறேன் என்றான். “அது உன் வேலையில்ல” என்றாள். இருட்டாகவே வந்தாலும் நான் அதன் முன்னால் நின்று எண்ணைச் சொல்வேன்.

உன்னிடம் எதையும் கேட்கவில்லை. சமையலறை பச்சை. உன் அக்கா நீலம் என்பது தப்பு.

மத்தியானம் சாப்பிடு.

அம்மா


சாந்தியாகோ,
அக்டோபர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இத்துடன் ஒரு சிறிய பெட்டி. உள்ளே இருக்கிற வன்தட்டில் இருபத்து மூன்றாம் எண் இருக்கிறது. மூன்று வாரம் ஆயிற்று. அலுவலகக் கோப்பு எதையும் தொடவில்லை, என் அறையில் என் கம்ப்யூட்டரில் செய்தேன். சமையலறை பச்சை. ஆனால் அம்மா நினைக்கிற பச்சை இல்லை. அப்பா படகுக்கு அடித்து மிஞ்சியதைப் பூசினாரே, அந்த அழுக்குப் பச்சை. கூரைத் துரு மூன்று அடுக்கு. ஜன்னலில் கடல் இருக்கிறது. இந்தமுறை அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

வேலையை விட்டுவிட்டேன் என்று நீ எதிர்பார்த்தால், விடவில்லை. பொய் சொல்லப் பிடிக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். நிகழ்ச்சி நிரலில் செய்தவர்களின் பெயர் போடுவீர்கள் அல்லவா? என் பெயரைப் போடு. ‘எ. பா.’ என்றெல்லாம் சுருக்காதே. எலியாசர் பாரியா என்று முழுசாக, மற்றவர்கள் பெயர் எந்த அளவில் இருக்கிறதோ அதே அளவில்.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

எலியாசர்


சான் எலாடியோ,
அக்டோபர் 20

எலியாசர்,

பெட்டி வந்தது. அம்மா சுகம், முழங்கால் அப்படியேதான்.

துரு சரி. பச்சை சரி, நான் தோற்றேன். கதவுக் கொண்டியை வலப்பக்கம் வைத்திருந்தாய், இடப்பக்கம் மாற்றினேன். அம்மா திரை முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அடுப்படியை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டச் சொன்னாள்.

பெயர் போட்டாயிற்று. நிரலை ஊர் முழுக்க ஒட்டிவிட்டோம், மீன் சந்தை, டாக்சி நிலையம், நகராட்சி வாசல். இடத்தை மட்டும் அச்சிடவில்லை, அது வாய்ச்சொல்லில் போகிறது. நகராட்சி வாசலில் கிழித்தார்கள், மறுபடி ஒட்டினோம். கிழித்தார்கள், ஒட்டினோம். மூன்றாவது முறை அவர்களுக்கு அலுத்துவிட்டது.

ஒரு வீட்டை அனுப்பியதால் பதினொரு படமும் இல்லையென்று ஆகிவிட்டது என நினைக்காதே. மன்னிக்கிற இடத்துக்கு நான் இன்னும் வரவில்லை.

வருவதாக இருந்தால், கேபிள் பிடிக்க ஆள் குறைவு.

யாஸ்னா


சாந்தியாகோ,
நவம்பர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அம்மாவும் தொண்டை கட்டாமல் இருக்கிறீர்களா? அன்றைக்கு நீ கத்திய கத்தலுக்கு இந்நேரம் குரலே இருக்காது.

நாம் நாலு வார்த்தைகூடப் பேசவில்லை. அதில் இரண்டு ‘கேபிளைப் பிடி’. கடைசிப் பஸ்ஸுக்கு நான் ஓட வேண்டியதாயிற்று. அதனால் வேலிக்கு உள்ளே நடந்ததை எழுதுகிறேன். ஆமாம், முதலில் நான் உள்ளேதான் இருந்தேன். படம் வரைந்தவன் என்று திறப்பு விழாவுக்கு என்னை வண்டியில் கூட்டி வந்தார்கள். இதை உனக்கு முன்பே எழுதாததற்குக் காரணம், உள்ளே போனபின் வெளியே வரும் தைரியம் எனக்கு இருக்குமா என்று எனக்கே தெரியாததுதான்.

அறுபது பேர் இருப்பார்கள். ஒயின், பாலாடைக்கட்டி, மெல்லிய இசை. பொழுது சாய்ந்ததும் வேலித் துணி திடீரென்று ஒளிர்ந்தது. உங்கள் பக்கத்து வெளிச்சம் துணியை ஊடுருவி எங்கள் பக்கமும் வந்தது, இடம் வலம் மாறி. முதல் வீட்டின் கதவு, சுவர், கூரை. பிறகு வெளியிலிருந்து ஒரு குரல், “ஒண்ணு!” அடுத்த வீடு, “ரெண்டு!” எங்கள் பக்கம் எல்லோரும் துணியைப் பார்த்துத் திரும்பினார்கள். இது நிகழ்ச்சியில் உள்ளதுதான் என்று சிலர் கை தட்டினார்கள்.

நீங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்த வீடுகளுக்கு நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன், அக்கா. பின்னால் அவர்களுடைய மாதிரி வீடு, முன்னால் சந்து முழுக்க. கால் வைத்த இடம் எல்லாம் யாரோ ஒருவருடைய வாசல்.

“இருபத்து மூணு!” என்று அம்மாவின் குரல் கேட்டது. கொஞ்சம்கூட நடுங்கவில்லை. பச்சைச் சமையலறை தெரிந்ததும், என் பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி தோளைத் தட்டினாள்.

“இது ரொம்ப அழகா இருக்கே! எந்த மாடல் இது? இன்னும் விக்காம இருக்கா?”

“அது விக்கிறதுக்கு இல்லம்மா. எரிஞ்சுபோச்சு.”

“ஐயோ, எப்போ?”

“நீங்க நிக்கிற இடத்துலதான்.”

அவள் காலைப் பார்த்து ஓரடி பின்வாங்கினாள். வீட்டுக்கு அடியில் என் பெயர் வந்தது, தலைகீழாக இல்லை, இடம் வலம் மாறி. எங்கள் அலுவலக மேலாளர் இத்தூரா கழுத்தைச் சாய்த்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“பாரியா... இது நீதானா?”

“நான்தான்.”

“நீ எங்க ஆளா, அவங்க ஆளா?”

“நான் இந்த வீட்டு ஆளு சார்” என்று சொல்லிவிட்டுக் கேட்டைத் திறந்து வந்தேன். அப்போதுதான் நீ என்னைப் பார்த்தாய். “எங்க இருந்தே?” என்று கேட்பாய் என்று நினைத்தேன். “கேபிளைப் பிடி” என்றாய். முந்தின நாள் மழைச் சேற்றில் கிடந்த அந்தக் கேபிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இருபத்து நாலிலிருந்து நாற்பத்து ஒன்று வரை பார்த்தேன்.

இன்று காலை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். காபிகூடக் கொடுக்கவில்லை.

அம்மாவுக்கு முத்தங்கள்.

எலியாசர்


சான் எலாடியோ,
நவம்பர் 26

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நலம். எனக்குக் குரல் நேற்றுத்தான் திரும்பி வந்தது. இத்தனை அமைதியான வாரம் வாழ்க்கையில் பார்த்ததில்லை என்று துலியோ வருத்தப்படுகிறான்.

நீ பஸ் பிடிக்க இறங்கிய பிறகு போலீஸ் ஏறி வந்தது. சார்ஜெண்ட் நேராக சுனில்டா அத்தையிடம் போனார். வயதானவள், பயப்படுவாள் என்று நினைத்திருப்பார்.

“அனுமதிச் சீட்டு இருக்காம்மா?”

“என் வீட்டு வாசல்ல நான் நிக்கிறதுக்கு எதுக்குய்யா சீட்டு?”

“இங்க வீடு எங்கம்மா இருக்கு?”

“கண்ணு தெரியலையா? அதோ, நீலக் கதவு. கால்ல சேறு இருக்கு பாரு, தட்டிட்டு வா.”

சுற்றி இருந்த முந்நூறு பேரும் சிரித்தார்கள். அதுதான் வினையாயிற்று. சார்ஜெண்டுக்குக் கோபம் வந்து துலியோவின் ப்ரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். என்மேல் வழக்கு, டிசம்பர் பத்தாம் தேதி நீதிமன்றம். டிசம்பருக்குத் தள்ளிப்போடச் சொன்னாயே, தள்ளிப்போனது இந்த வழக்கு மட்டும்தான். ரெபேக்கா தானாக முன்வந்து சாட்சி சொல்கிறாள். அந்த ஒரு சாண் சுவரைப் பற்றி மட்டும் நீதிபதியிடம் பேசக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

மறுநாளே வேலித் துணியை உருவிவிட்டார்கள். இப்போது வெறும் கம்பங்கள்தான் நிற்கின்றன. நாங்கள் ரொட்டிக்கடையின் பின்சுவரை வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறோம். பக்கத்து ஊர் மாணவர்கள் இரண்டு ப்ரொஜெக்டர் தருகிறார்கள். டிசம்பர் ஆறு, கேஸ் சிலிண்டர் விளையாட்டு, சுவர் முழுக்க. அம்மா உச்சியைத் தொடுவதாகச் சபதம் போட்டிருக்கிறாள். பதின்மூன்றாம் தேதி, மீன் சந்தைப் படம், மறுபடியும். இருபதாம் தேதி, நாற்பத்தொரு வீடுகள். நான் வெளியே இருந்தாலும் உள்ளே இருந்தாலும் நடக்கும். நீ அறையைக் காலி செய்துவிட்டு பதினெட்டாம் தேதிக்குள் வந்துவிடு. என் அலமாரியில் பாதியை ஒழித்து வைத்திருக்கிறேன், பெரிய பாதி என்னுடையது.

அந்த நீச்சல் குளத்தைப் பற்றி நேரில் பேசுவோம். கடிதத்தில் வேண்டாம். அது ஒரு நாளில் முடிகிற பேச்சு இல்லை என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வா.

நேற்று இயக்குநர் சந்தையில் எதிர்ப்பட்டாள். “துணியும் போச்சு, கட்டடமும் வரத்தான் போகுது. இன்னும் என்ன செய்யப் போறீங்க யாஸ்னா?” என்று நிஜமான இரக்கத்தோடு கேட்டாள்.

“வரட்டும் மேடம். நல்லா உயரமா வரட்டும். பதினாலு மாடி, வெள்ளைச் சுவரு. இந்த ஊர்ல அவ்வளவு பெரிய திரை இதுவரைக்கும் யாருக்கும் கிடைச்சதில்ல” என்றேன்.

உன் அக்கா,
யாஸ்னா